புகைத் தடை டீக்கடைக் கயிற்றில் தொடங்கட்டும்

புகைபிடிப்பதை அடியோடு தடை செய்ய வேண்டுமா என்று கேட்பவர்கள், காரைக்குடி டீக்கடைகளில் தொங்கும் கயிற்றை முதலில் பாருங்கள். நுனி கனன்றுகொண்டே இருக்கும். ஒற்றை சிகரெட் வாங்குகிறவர் அங்கேயே பற்றவைத்து, பெஞ்சில் உட்கார்ந்து ஊதுவார். பக்கத்தில் பன் தின்னும் பிள்ளைக்கும் அந்தப் புகைதான்.

2003 புகையிலைச் சட்டமும் 2008 அக்டோபர் 2-இல் வந்த விதிகளும் இதற்கே போதும். டீக்கடை, ஓட்டல், பஸ் ஸ்டாண்ட் எல்லாமே பொது இடம். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் என்று புகைக்க உதவும் எதையும் அங்கே வைக்கக் கூடாது. கயிறும் அதில் அடங்கும். வாசலில் 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் தடைப் பலகை வேண்டும். மீறுபவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் கடைக்காரர் கண்டுகொள்ளாவிட்டால் அவரும் கட்ட வேண்டும்.

பள்ளிக்கூடக் கணக்கில்தான் ஏமாற்று அதிகம். பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், சிகரெட் விற்கக் கூடாது. அந்தத் தூரத்தை மதில் சுவரின் வெளிப்புறத்திலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். வாசலிலிருந்து தெரு சுற்றி அளந்தால் செல்லாது. செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. சுற்றி வந்தால் தூரம் கூடிவிடும், பள்ளியின் பின்சுவரோ பக்கத்திலேயே இருக்கும்.

முழுத் தடை வரட்டும், எனக்குச் சம்மதமே. அதுவரை அந்தக் கயிற்றைக் கழற்றச் சொல்லுங்கள்.