ஹம்பே – மைட்னர், 1872: எனக்குப் பிடித்த டிரா

செஸ்ஸில் டிரா என்றாலே இரண்டு பேரும் சண்டை போடாமல் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது, 1872-இல் வியன்னாவில் கார்ல் ஹம்பேயும் பிலிப் மைட்னரும் ஆடிய ஆட்டம். மொத்தமே 18 நகர்த்தல்தான்.

வெள்ளை ஹம்பே. குதிரையைப் பலி கொடுத்துத் தாக்கும் ஹம்பே-அல்கையர் காம்பிட் என்ற ஆட்டத் தொடக்கத்தில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது, ஆனால் இந்த ஆட்டத்தில் பலி கொடுத்துக்கொண்டே போவது எதிராளி. (மைட்னர், அணுப் பிளவை விளக்கிய இயற்பியலாளர் லீஸ மைட்னரின் அப்பா.) மூன்றாவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை ஏ4 கட்டத்துக்குப் போய் பிஷப்பை மிரட்ட, மைட்னர் பின்வாங்காமல் அதே பிஷப்பால் எஃப்2 சிப்பாயை வெட்டி செக் வைக்கிறார். ராஜா அதை வெட்டியதும் ராணி துரத்த ஆரம்பிக்கிறது, ராஜா ஈ3, டி3, சி3, பி3 என்று ஓட, ஒன்பதாவது நகர்த்தலில் ஏ4 குதிரையை வெட்டி ராணியையே கொடுத்துவிடுகிறார், அப்புறம் ஒரு குதிரையையும். இவ்வளவும் கொடுத்த பிறகு அடுத்து செக் கூட இல்லை, இன்னொரு குதிரையை அமைதியாக ஈ7-இல் வைக்கிறார். பி6-இல் சிப்பாய் செக், ராஜா பி5, டி7-இல் பிஷப், மேட். அதுதான் மிரட்டல்.

பலரும் மைட்னரைத்தான் கொண்டாடுகிறார்கள். என் ஓட்டு ஹம்பேக்கு. பிஷப்பால் பி5-இல் செக் வைத்து, கறுப்பு ராஜா டி8-க்கு நகர்ந்ததும் அதே பிஷப்பை சி6-இல் கொண்டுபோய் வைத்தார் பாருங்கள், அந்த ஒரு நகர்த்தலில் டி7 மேட் இல்லாமல் போனது. ராஜா எதிராளியின் வீட்டுக்குள் நிற்கும்போது அதைக் கண்டுபிடிப்பது சாதாரணமில்லை.

மைட்னரும் விடவில்லை. பி6-இல் சிப்பாயால் செக் வைத்து, ராஜா பி5-க்குப் போனதும் சி6 பிஷப்பைக் குதிரையால் வெட்டி, அந்தக் குதிரையை ராஜா வெட்டியதும் பி7-இல் தன் பிஷப்பை வைத்து செக். சும்மா கிடைக்கிற பிஷப் மாதிரி தெரியும், ஆனால் ராஜா அதை வெட்டினால் கறுப்பு ராஜா டி7-க்கு வரும், பி8-இல் யானை மேட்டைத் தடுக்கவே முடியாது. அதனால் ராஜா பி5, பிஷப் ஏ6 செக், ராஜா சி6, பிஷப் பி7 செக். இதே செக் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும், அதனால் டிரா.

கடைசி நிலையில் வெள்ளையின் ராணி, இரண்டு யானை, மிச்சமிருக்கும் பிஷப், குதிரை எதுவுமே ஆரம்பக் கட்டத்தை விட்டு நகரவில்லை. வெள்ளையின் 18 நகர்த்தல்களில் 12 ராஜாவுடையது!