எட்டு மணிக்கு வரும் போன்

ஊரடங்கில் பாடம் நடத்திய கதையை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்வாய் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். என்ன செய்வது, போன வாரம்கூட எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர், 84 பக்கத்தை ஸ்கேன் செய்து 60 எம்பிக்கு மேல் வரும் பிடிஎஃப்பாக மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, "எல்லாருக்கும் அனுப்பியாச்சு" என்று நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

2020இல் நானும் அப்படித்தான் இருந்தேன். இளங்கலை வரலாறு, 52 பேர். காலை பத்து மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் இருபது பேர் வருவார்கள், பாதி வகுப்பில் அதுவும் பத்தாகிவிடும். வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று நானே முடிவு கட்டி, ஒரு பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டவும் செய்தேன். "மேடம், போன் அப்பாவோடது. லோடு ஆட்டோ ஓட்டுறார், ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவார். அப்புறம் தம்பிக்கும் வேணும்" என்றாள். அதற்கு மேல் என்ன திட்டுவது?

2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி டேட்டா அரசு கொடுத்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் டேட்டா இருந்தும் பகலில் போன் செய்யாறு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தால் பத்து மணி வகுப்புக்கு அவள் எப்படி வருவாள்?

கல்லூரி திறந்ததும் அந்தப் போனைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஐந்து அங்குலம், ஒரு மூலையில் கண்ணாடி விரிசல், "ஸ்டோரேஜ் ஃபுல்" என்ற அறிவிப்பு போகவே போகாது. அதில் என் கர்நாடகப் போர்கள் (18ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுப் பக்கம் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியவை) ஸ்லைடைத் திறந்தாள். லேப்டாப்பில் பளிச்சென்று தெரிந்த வரைபடம் அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பெரிதாக்கினால் ஊர்ப்பெயர் தெரிகிறது, ஆனால் அது எந்தத் திசையில் இருக்கிறது என்பது போய்விடுகிறது. அவள் ஊர் வந்தவாசிப் பக்கம். 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் தோற்ற அந்த வந்தவாசியை, தன் சொந்த ஊரை, அவளால் அந்தப் படத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். அலமாரியில் கிடந்த என் பழைய போனை எடுத்து, சிம் போடாமல், அதில் திறந்து பார்த்த பிறகுதான் எதையும் அனுப்புவேன். லேப்டாப்பில் சரியாக இருந்தால் போனிலும் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை இதைச் செய்து பார்க்கலாம். "அடுத்து" என்ற பொத்தான் கீபோர்டுக்கு அடியில் ஒளிந்துகொள்வதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

வீடியோவைப் பெரும்பாலும் விட்டுவிட்டேன். என் முகத்தைப் பார்த்து யாரும் வரலாறு கற்கப்போவதில்லை. இருபது நிமிடப் பாடத்தைக் குரலாக மட்டும், பேச்சுக்குப் போதுமான 32 கேபிபிஎஸ் தரத்தில் பதிந்தால் 5 எம்பிகூட ஆகாது. போன் எட்டு மணிக்கு வந்தால் எட்டரைக்குள் இறக்கிக் கேட்டுவிடலாம், திரையை அணைத்துவிட்டும் கேட்கலாம், பேட்டரியும் சூடாகாது. கூடவே ஒரு பக்கத்துக்குச் சிறு குறிப்பு, படமாக இல்லாமல் எழுத்தாகவே.

அந்த "எழுத்தாகவே" என்பதில் எனக்கு விழுந்த அடி தனி. வகுப்பில் பார்வையற்ற மாணவன் ஒருவன் இருந்தான், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துப் போனை நம்மைவிட வேகமாக ஓட்டுவான். என் பழைய குறிப்புகளெல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. அவன் போன் அவற்றை எப்படி வாசித்தது தெரியுமா? "தமிழ்" என்ற சொல் வரும் இடத்தில் ஜே, கே, பி, ஓ, செமிகோலன். கண்ணுக்குத்தான் அது தமிழ், போனுக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பை. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இருந்தால்தான் போன் தமிழாகப் படிக்கும், தேடினாலும் கிடைக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் இன்னும் மோசம், அதில் அவனுக்கு ஒரு எழுத்தும் இல்லை, வெறும் படம். பதினோரு வருடக் குறிப்புகளை, பாமினியை யூனிகோடாக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தேன், சில இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன, கையால் திருத்த ஒரு கோடை விடுமுறை போனது.

தேர்வு வேறு இருக்கிறது. முப்பது நிமிடக் கடிகாரம் ஓடும் ஒரு வினாத்தாள், நடுவில் லோடுக்காரர் அப்பாவைக் கூப்பிடுகிறார், அழைப்பை முடித்துத் திரும்பினால் பக்கம் புதிதாகத் திறக்கிறது, எழுதிய பதில்கள் காணோம். இப்போது நான் கடிகாரமே வைப்பதில்லை. கேள்வியை மாலையில் போடுகிறேன், மறுநாள் இரவுவரை நேரம். காப்பி அடிப்பார்களே என்கிறார்கள். அடிப்பார்கள்தான், அதற்கேற்ற மாதிரி கேள்வி கேட்க வேண்டியது என் வேலை.

அந்த வரைபடத்தையும் புதிதாக வரைந்தேன். போனை நிமிர்த்திப் பிடித்தால் பொருந்துகிற மாதிரி நீளவாக்கில், நான்கே ஊர்கள்: சென்னை, ஆற்காடு, வந்தவாசி, புதுச்சேரி. பெரிய எழுத்து, படத்துக்குக் கீழே எது எதற்கு எந்தத் திசை என்று நாலு வரி. பெருமையாகக் குழுவில் போட்டேன். இந்த வருடப் பையன் ஒருவன் நேற்று இரவு எட்டே காலுக்குக் குரல் செய்தி அனுப்பியிருக்கிறான். "மேடம், திருச்சியை முற்றுகை போட்டதாலதானே 1751ல கிளைவ் ஆற்காட்டுக்குப் போனான், திருச்சியை ஏன் விட்டுட்டீங்க?"

நியாயம்தான். ஆங்கிலேயப் படைத்தலைவன் கிளைவ் ஆற்காட்டுக்குப் போனதே திருச்சி முற்றுகையைத் தளர்த்தத்தான். ஆனால் திருச்சியைச் சேர்த்தால் மற்ற எழுத்தெல்லாம் சிறுத்துவிடுகிறது, ஆகவே இரண்டாவது படம் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன். இன்று எட்டு மணிக்குள் போட்டுவிட வேண்டும்.