எழுநூறு காவதமும் எங்கள் தமிழய்யாவும்

சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் நம் பக்கத்துக்காரர் என்பதை எங்கள் வகுப்புக்குச் சொன்னவர் தமிழய்யா. கொங்கு மண்டலத்தில் விசயமங்கலத்தை ஒட்டிய குறும்பு நாட்டில், நிரம்பை என்னும் ஊர் அவருடையது என்பது வழிவழியாக வரும் செய்தி. பெருந்துறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மிதிவண்டியில் வந்த பையன்களுக்கு, அதன்பிறகு அந்த உரையாசிரியர் பாடநூற்பெயராக இல்லாமல் சொந்த ஊர்ப் பெரியவராகவே தோன்றினார். கடல்கொண்ட தென்னாட்டைப் பற்றி இன்று யார் எதைச் சொன்னாலும், பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே எழுநூறு காவதத் தொலைவு, அதில் நாற்பத்தொன்பது நாடுகள் என்னும் விவரத்துக்கு அவருடைய உரையைத்தான் காட்டுகிறார்கள். ஆகவே இந்த விஷயத்தில் கொங்கு நாட்டாருக்குக் கொஞ்சம் கூடுதல் பொறுப்பு உண்டு என்பது ஐயாவின் கட்சி.

பேச்சைத் தொடங்கிவைத்தது சென்னிமலைத் தைப்பூசத் தேர்க்கடையில் ஒரு மாணவன் வாங்கி வந்த சிறு புத்தகம். கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் லெமூரியாக் கண்டத்தில் வாழ்ந்தவர்கள் பதினைந்து அடி உயரம், மூன்றாவது கண் உடையவர்கள், அவர்களே ஆதித் தமிழர்கள் என்று அதில் அச்சிட்டிருந்தது. ஐயா அதைக் கேலி செய்யவில்லை. வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை மொதல்ல சொன்னது யாரு கண்ணு? அவருக்கு அது எப்படித் தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார். "பொஸ்தகத்துல போட்டிருக்குதுங்கய்யா" என்றான் அவன். "போட்டவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் கேக்கறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு முழு விடையும் எனக்குக் கிடைத்தது கடல் கடந்து வந்து, பெரிய நூலகங்களில் பழைய நூல்களைத் தேடிப் படிக்க வாய்த்த பிறகுதான். லெமூரியா என்னும் பெயரை 1864இல் வைத்தவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலார். மடகாஸ்கரில் லெமூர் என்னும் விலங்குகள் நிறைந்திருக்க, அவற்றின் உறவான தேவாங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது எப்படி என்று யோசித்தவர், நடுவே ஒரு நிலப்பரப்பு இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். கடவூர் மலைக்காட்டில் இன்றும் இரவில் உருண்டைக் கண்ணோடு மரக்கிளையில் ஊர்கிற அதே தேவாங்குதான். அவருடைய லெமூரியாவில் மனிதன் இல்லை, தமிழும் இல்லை. பிறகு எர்னஸ்ட் ஹெக்கல் என்னும் ஜெர்மானியர் மனித இனத்தின் தொட்டில் அங்கே இருந்திருக்கலாம் என்று சேர்த்தார். அதுவரையில் அது தவறாகப் போகக்கூடிய, ஆனால் நேர்மையான அறிவியல் ஊகம்.

மூன்றாவது கண் வந்து சேர்ந்தது பிரம்மஞான சபையின் வழியாக. 1875இல் நியூயார்க்கில் அந்தச் சபையை நிறுவியவர்களுள் ஒருவரும், 1882இல் அதன் தலைமையிடத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்தவருமான பிளாவட்ஸ்கி அம்மையார், 1888இல் வெளியிட்ட தம் பெருநூலில் மனித குலத்தை மூல இனங்களாக வகுத்து, லெமூரியரை மூன்றாம் படியில் வைத்தார். 1904இல் ஸ்காட் எலியட் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போய், நிலப்படங்களோடு ஒரு நூலே வெளியிட்டார். அதில் வரும் லெமூரியன் பன்னிரண்டு முதல் பதினைந்து அடி உயரம் உள்ளவன். பக்கவாட்டிலும் பார்க்கும்படி கண்கள் விலகி இருக்கும். பின்மண்டையில் இன்னொரு கண். கையில் பிடித்த கயிற்றில் ஒரு பெரிய ஊர்வன விலங்கை, நாம் எருமையை ஓட்டுவதுபோல ஓட்டிப் போகிறான். இவ்வளவும் எப்படித் தெரிந்தன என்றால், ஞானதிருஷ்டியால் கண்டவை என்பதே விடை. ஐயாவின் இரண்டாவது கேள்வி இந்த இடத்தில் முட்டி நின்றுவிடுகிறது; கண்டவர் சொல்வதைச் சரிபார்க்க இன்னொருவருக்கு வழியே இல்லை.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. இந்த வரிசையில் லெமூரியர் கீழ்ப்படி. அவர்களுக்கு மேலே நான்காவதாக அட்லாண்டியர், ஐந்தாவதாக ஆரியர். அதாவது, நம்மவர்கள் மேடையில் மார்தட்டிச் சொல்லிக்கொள்ளும் அந்த லெமூரியன், அவனைப் படைத்தவர்களின் கணக்கில் அறிவு முளைக்காத அரைவிலங்கு. இங்கே பொங்கல் விழாக்களில் யாராவது ஒருவர் இதைப் பெருமையாக எடுத்துவிடும்போதெல்லாம், மூலநூலை ஒரு தரம் படித்துப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. 1931இல் அமெரிக்காவில் இன்னொரு மறைஞானக் கூட்டத்தார் லெமூரியாவைப் பசிபிக் பெருங்கடலுக்கே நகர்த்தி, அதன் மிச்ச மக்களைக் கலிபோர்னியாவின் சாஸ்தா மலையில் குடியேற்றிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கலாம். நம் கடல்கொண்ட தென்னாட்டைக் காட்டிலும் சுறுசுறுப்பான கண்டம் அது!

தமிழய்யா இவ்வளவு தூரம் போகவில்லை. அவருக்குக் கரும்பலகையும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். காவதத்தை நம் ஊர்க் கணக்குப்படி பத்து மைல் என்று வைத்தால், எழுநூறு காவதம் ஏழாயிரம் மைல். கன்னியாகுமரியிலிருந்து தென்துருவம் சுமார் 6,750 மைல். "அப்பொறம் பென்குவினும் தமிழ்ல பேசியிருக்கோணுமேப்பா" என்றார், வகுப்பு சிரித்தது. அடுத்து, இறையனார் களவியல் உரை முச்சங்கங்களுக்குச் சொல்லும் 4440, 3700, 1850 என்னும் ஆண்டுகளை எழுதி, மூன்றையும் 37ஆல் வகுக்கச் சொன்னார். 120, 100, 50 என்று மீதியில்லாமல் வந்தது. நடந்த ஆண்டுகளை எண்ணிக் குறித்த கணக்கு இவ்வளவு வழவழப்பாக வராது, யாரோ உட்கார்ந்து அமைத்தது என்றார். ஆனால் உரையாசிரியர்களைப் பொய்யர் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தமக்கு முன்னோர் சொல்லிவந்ததை அவர்கள் ஏட்டில் வைத்தார்கள். தமக்குத் திருஷ்டியில் தெரிந்தது என்று எழுதவில்லை. பஃறுளி யாற்றுடன் பன்மலை அடுக்கத்தைக் கடல்கொண்டது என்ற அளவில் நிற்கிற இளங்கோவின் அடியில் பதினைந்து அடி மனிதனுக்கு இடமே கிடையாது.

1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நொய்யற்கரைக் கொடுமணலில் அகழத் தொடங்கியபோது, ஐயா எங்களை அங்கே அழைத்துப் போனார். பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய கொடுமணம் அது. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓட்டுச் சில்லில், ஆணியால் கீறியதுபோல நாலைந்து தமிழி எழுத்துகள் இருந்தன. ஓர் ஆளின் பெயர் என்றார்கள். அதைவிட என்னைக் கட்டிப்போட்டவை கல்மணிகள். ஒன்று வெறும் கல்லாக, ஒன்று கொத்தி உருட்டியதாக, ஒன்று மெருகேறித் துளையில்லாமல், இன்னொன்று பாதித் துளையோடு கைவிடப்பட்டதாக என்று வேலையின் ஒவ்வொரு நிலையும் மண்ணில் கிடந்தது. பச்சைக்கல் காங்கயத்துப் பக்கத்துப் படியூரில் கிடைப்பது. சூதுபவளம் குசராத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இரும்பு உருக்கிய உலைகளும் அங்கே வெளிப்பட்டன. யாருடைய பெருமைக்கும் உதவும் என்று எண்ணாமல் எவனோ ஒருவன் துளையிட்டு, உடைந்ததும் வீசிவிட்ட மணியை, இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்து, சொன்னது சரியா என்று சோதிக்கலாம்.

அப்படியானால் கடல் எதையுமே கொள்ளவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கொண்டது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம், குமரிமுனைக்குத் தெற்கேயும் கரைநிலம் நீண்டிருந்தது. பனி உருகப் பல்லாயிரம் ஆண்டுகளில் அது மெல்ல மூழ்கியது. அதையும் தாண்டினால் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழக்கடல்; கண்டம் ஒன்று அங்கே அமிழ்ந்த தடம் இல்லை. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்தது உண்மைதான். பிரிந்து ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் மனித இனத்துக்கு வயது சுமார் மூன்று லட்சம் ஆண்டுகள். கடற்கரை ஊர்கள் அலையில் போன நினைவு பாட்டில் தங்கியிருக்கக்கூடும் என்பது என் எண்ணம். 2004 டிசம்பருக்குப் பிறகு அதை ஐயுற எனக்கு மனம் வரவில்லை.

நம் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். சென்ற முறை ஊருக்குப் போனபோது பள்ளி நூலகத்தைப் பார்த்தேன். வரலாற்று அலமாரியில் லெமூரியாவைப் பற்றிய நூல்கள் ஒரு வரிசை நிறைய இருக்கின்றன, எல்லாம் அன்பளிப்பு. பள்ளியிலிருந்து மிதிவண்டித் தொலைவில் உள்ள கொடுமணலின் அகழாய்வு அறிக்கைகளில் ஒன்றுகூட இல்லை. இவ்வாண்டு நூலகத்துக்கென ஒதுக்கிய தொகையில் முதல் செலவாக அவற்றை வாங்கி அனுப்பலாம். அடியார்க்கு நல்லார் உரையோடு கூடிய சிலப்பதிகாரம் ஒரு படியும் சேர்த்து வையுங்கள். இருந்த படி பொடிந்துபோய்விட்டதாக நூலகர் சொன்னார்.