தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு: ஐப்பசிக் குறிப்புகள்

ஐப்பசி 3
குறுவை அறுவடையாகிப் புது அரிசி கடைக்கு வந்துவிட்டது. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள், சோறு குழைகிறதென்று குக்கரைக் குறை சொல்வது இந்த மாதத்தில்தான். குக்கர் மேல் தப்பில்லை. புது அரிசி அவ்வளவு தண்ணீர் குடிக்காது. பழைய புழுங்கலுக்கு ஒன்றுக்கு மூன்று வைத்திருந்தால், இதற்கு இரண்டேகாலில் தொடங்கி இரண்டரைக்குள் நிறுத்துங்கள். வாங்கும்போதே ‘நெல் அறுத்து எத்தனை மாசம் ஆச்சு?’ என்று கேட்டுவிடுவது நல்லது. ஆறு மாதம் கடந்ததென்றால் உதிரியாக வரும்.

ஒருவருக்கு ஒரு வேளைக்கு முக்கால் ஆழாக்கு, ஏறக்குறைய 100 கிராம், போதும். இரண்டு வேளைச் சோறு என்றால் மாதத்துக்கு 6 கிலோ. மலிவு என்று 25 கிலோ மூட்டையை இறக்கினால் அடைமழை ஈரத்தில் வண்டு விழும். விழுந்துவிட்டால் நிழலில் பரப்பிப் புடையுங்கள். கடும் வெயிலில் போட்டால் அரிசி வெடித்து நொய்யாகிவிடும்.

ஐப்பசி 4
மதியச் சோற்றைக் குக்கரிலேயே மூடி இரவுக்கு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வேகும் சூட்டுக்கும் சாகாத கிருமி வித்துகள் அரிசியில் உண்டு. சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. மிஞ்சியதைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லையா, அளவாக வடியுங்கள்.

ஐப்பசி 9
சிலிண்டர் வரும் நாள். கொண்டுவந்தவர் படி இறங்குவதற்குள் பார்த்துவிட வேண்டியவை இவை. சீல் உடையாமல் இருக்கிறதா? எடை, சிலிண்டரில் எழுதியிருக்கும் வெற்று எடையோடு 14.2 கிலோ சேர்ந்து வருகிறதா? கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் மாதத்துக்கு ஓர் எழுத்தும் ஆண்டுக்கு ஓர் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அதுதான் அடுத்த சோதனைக்கான கெடு. கெடு தாண்டியதை வாங்காதீர்கள்.

பலரும் பார்க்காமல் விட்டுவிடுவது வால்வுக் கசிவு. மூடியைக் கழற்றி வால்வு வாயில் சிறிது தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் சிலிண்டரைத் திருப்பி அனுப்ப வேண்டும், கூச்சமே வேண்டாம்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி பறக்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் பேசுங்கள்.

ஐப்பசி 15
மழை பிடித்துக்கொண்டது. குடத்தையும் டிரம்மையும் வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் போதாது. டெங்கு கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் முட்டையை ஒட்டிவிடும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீர் பட்டதும் பொரிந்து, ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். அதனால் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ கொண்டு உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டை மறந்துவிடாதீர்கள்.

ஐப்பசி 16
தனியாக இருப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கடைக்குப் போகக்கூடத் தெம்பிருக்காது. நான்கு ஓஆர்எஸ் பொட்டலம் இன்றே வாங்கி வையுங்கள். 1 லிட்டருக்கான பெரிய பொட்டலத்தைப் பாதி பாதியாக டம்ளரில் கொட்டுவது தவறு. உப்பின் அளவு மாறிவிடும். முழுப் பொட்டலத்தையும் ஆறிய வெந்நீர் ஒரு லிட்டரில் கரைத்து, வாய் வாயாகக் குடியுங்கள். 24 மணி நேரத்துக்குமேல் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். பொட்டலம் கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மலத்தில் ரத்தமோ, சிறுநீர் வராமலோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.