தே³வ, தே³யுஸ், தெ²யோஸ்: ஒரு த-வால போன மார்க்கும் அப்புறம் படிச்ச விதமும்

எம்.ஏ லிங்க்விஸ்டிக்ஸ்ல ஹிஸ்டாரிகல் பேப்பர் (மொழிகள் எப்படி மாறுச்சு, எது எதுக்கு சொந்தம்னு பாக்கறது), மொத இன்டர்னல்ல எனக்கு 25-க்கு 9. சமஸ்கிருத தேவ, லத்தீன் தேயுஸ், கிரீக் தியோஸ் மூணும் கடவுள்தான், இதுல எது எது ஒரே வேர்ல இருந்து வந்துச்சுன்னு கேள்வி. பாத்தாலே தெரியுதே, மூணும் ஒண்ணுதான்னு ஒரு பக்கம் எழுதிட்டு வந்தேன், அதுக்கு முட்டை. கிரீக் வார்த்தைக்கும் மத்த ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாதாம்.

எங்க சறுக்குனேன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. நோட்ஸ் பூரா தமிழ் எழுத்துல எழுதி வச்சிருந்தேன், நமக்கு இருக்கறது ஒரே த, அதனால நாலு வேற சத்தம் என் நோட்டுல ஒண்ணா போய் உக்காந்துருச்சு. அந்த வாரம் ஊருக்குப் போனப்ப பாட்டியோட ஸ்லோக புஸ்தகம் கண்ணுல பட்டுச்சு, த-வுக்கு மேல குட்டியா 2, 3, 4-னு நம்பர் போட்டிருப்பாங்கல்ல, அதேதான். தூம (புகை)ல வர்றது த⁴, தேவல வர்றது த³, நம்பர் இல்லாதது சாதா த. அன்னைக்கே உக்காந்து நோட்ஸ் முழுக்க நம்பர் போட்டு திருப்பி எழுதினேன். நீங்க ரோமன் எழுத்துல எழுதினாலும் சரி, ஆனா மூச்சு விடுற சத்தத்தையும் (2, 4) விடாத சத்தத்தையும் (நம்பர் இல்லாதது, 3) கலக்காதீங்க.

நம்பர் போட்டப்புறம் பாருங்க. சமஸ்கிருதம் த³ச, லத்தீன் தெ³கெம், கிரீக் தெ³க, எல்லாம் பத்து, மூணுலயும் த³. அடுத்து சமஸ்கிருதம் தூ⁴ம, லத்தீன் ஃபூமுஸ், கிரீக் தூ²மோஸ் (இதுக்கு அர்த்தம் மனசு, ஆவேசம்னு நகந்துருச்சு). அப்போ கிரீக்ல மொத எழுத்தா த² வந்தா லத்தீன்ல அதுக்கு ஜோடி ஃப. தெ²யோஸுக்கு ஜோடி லத்தீன்ல ஃப-வுல தொடங்கணும், தே³யுஸ் எப்படி ஜோடி ஆகும்? தே³வ, தே³யுஸ்கூட நிக்கிற கிரீக் வார்த்தை ஸியூஸ், அந்த சாமி பேரு. ஒரே மாதிரி கேக்குதாங்கறது முக்கியமே இல்ல, ஒரே மாதிரி மாறியிருக்காங்கறதுதான் கேள்வி. ஜெர்மன் ஹாபன், லத்தீன் ஹபேரே ரெண்டும் 'வச்சிருக்கறது'தான், ஆனா சொந்தம் இல்ல, ஏன்னா லத்தீன் க-வுக்குத்தான் ஜெர்மன்ல ஹ வரும் (கோர்னு, ஹார்ன், ரெண்டும் கொம்பு), ஹாபனோட நிஜ சொந்தக்காரன் 'பிடிக்கறது'ங்கற கபேரே.

இந்த க, ஹ கணக்கு ஜெர்மன் அறிஞர் யாகோப் கிரிம் 1822-ல வரிசைப்படுத்தினது, அதை எல்லாரும் மனப்பாடம் பண்ணிடுவாங்க. மார்க் போறது டென்மார்க்காரர் வெர்னரோட விதில. சமஸ்கிருத ப்ராதர், பிதர் ரெண்டுலயும் நடுவுல சாதா த, லத்தீன் ஃப்ராத்தேர், பத்தேர்லயும் அதே. ஆனா ஜெர்மன்ல ப்ரூடர், ஃபாட்டர்னு ரெண்டு விதம். இங்கிலீஷ வச்சு யோசிச்சா மாட்டிப்பீங்க, ஃபாதர்ல இப்ப இருக்கற சத்தம் பின்னாடி வந்தது, பழைய இங்கிலீஷ்ல அது ஃபேடர்தான். வெர்னர் 1877-ல சொன்ன விடை என்னன்னா, வேத சமஸ்கிருதத்துல அழுத்தம் எங்க விழுதுன்னு பாரு. ப்ராதர்ல முதல் அசைல, த-வுக்கு முன்னாடியே, பிதர்ல த-வுக்கு அப்புறம். முன்னாடி அழுத்தம் இல்லன்னா அந்த சத்தம் மெலிஞ்சிடும், பழைய இங்கிலீஷ் ஃபேடர்ல இருக்கற மாதிரி (ஜெர்மன்ல அது அப்புறம் ட்ட ஆச்சு). ஜெர்மன் புதிருக்கு விடை வேதத்துல இருந்ததுன்னு படிச்ச ராத்திரி எனக்கு தூக்கமே வரல, சத்தியமா.

அதுக்காக சமஸ்கிருதம்தான் மூலம்னு முடிவு பண்ணிடாதீங்க, எங்க கிளாஸ்ல பாதி பேர் இதுலதான் விழுந்தோம். சமஸ்கிருதத்துல 'ச' (உம்), 'கத்' (எது), ரெண்டுலயும் உயிர் அ தான், அப்புறம் ஏன் ஒண்ணு ச, ஒண்ணு க? லத்தீன பாருங்க, க்வெ, க்வொத். எ-வுக்கு முன்னாடி க மெலிஞ்சு ச ஆச்சு, ஒ-வுக்கு முன்னாடி ஆகல, அதுக்கப்புறம் எ, ஒ ரெண்டுமே அ ஆயிடுச்சு. உயிரெழுத்துக்கு பெரும்பாலும் கிரீக்கையும் லத்தீனையும் நம்புங்க, மெய்க்கு சமஸ்கிருதம் நல்ல சாட்சி. அங்கயும் ஒரு விஷயம், சமஸ்கிருதத்துல த நாலு வகை, இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மூல மொழிக்கு மூணுதான்னு பெரும்பாலானவங்க வைக்கிறாங்க, அதனால த²-வை கண்ணை மூடிட்டு ஸ்டார் போட்டு எழுதாதீங்க (ஸ்டார்னா, எங்கயும் எழுதி கிடைக்கல, நாமளா கணக்கு போட்டு எடுத்த மூல வடிவம்னு அர்த்தம்).

லாரிஞ்சியல்னு ஒரு பூதம் இருக்கு, மூல மொழில இருந்து பெரும்பாலும் தொலைஞ்சு போன தொண்டை சத்தங்கள், பயப்படாதீங்க. சுவிஸ் மொழியியல் அறிஞர் சொசூர் 21 வயசுல, உயிர் நீளுறதுக்கு காரணமா ஏதோ தொலைஞ்சு போன சத்தம் இருந்திருக்கணும்னு கணக்கு போட்டே சொன்னார். அவர் 1913-ல போயிட்டார். 1915-ல ஹ்ரோஸ்னிங்கற அறிஞர், இன்னிக்கு துருக்கி இருக்கற இடத்துல பேசின பழைய ஹிட்டைட் மொழிய படிச்சு காட்டினார், 1927-ல குரிலோவிச், சொசூர் சொன்ன இடத்துல அங்க ஹ நிக்குதுன்னு காட்டினார். சமஸ்கிருதத்துல எலும்பு அஸ்தி, ஹிட்டைட்ல ஹஸ்தாய். இந்த ஒரு உதாரணத்த எழுதினாலே அந்த கேள்விக்கு பாதி வேலை முடிஞ்சுது.

எழுதறப்ப முதல்ல டேபிள், அப்புறம் சூழல் (முதல்லயா, நடுவுலயா, எந்த உயிருக்கு முன்னாடி), கடைசிலதான் ஸ்டார் போட்ட வடிவம், நேரா ஸ்டாருக்கு குதிச்சா விடை சரியா இருந்தாலும் ஸ்டெப் மார்க் போயிடும். யு.ஜி.சி நெட் பரீட்சைல நெகட்டிவ் மார்க் இல்ல, மேட்ச் பண்ற கேள்வில கிராஸ்மன் (ஒரே வார்த்தைல ரெண்டு மூச்சு சத்தம் வந்தா முதல்ல இருக்கறது மூச்ச விட்டுடும்ங்கற விதி), கிரிம், வெர்னர் மூணையும் குழப்பிக்காம இருந்தா போதும்.

செமஸ்டர்ல எனக்கு வந்த ஒரு கேள்விய நீங்களும் போட்டு பாருங்க: சமஸ்கிருதம் வித⁴வா, இங்கிலீஷ் விடோ, லத்தீன் விது³வா. மேல லத்தீன்ல ஃப வரும்னு சொன்னேனே, இங்க ஏன் வரல? தூமல அது எங்க நிக்குது, இங்க எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க.