டவுன் ஹால் நோட்டீஸுக்கு வருஷம் தேடிய கதை

எங்கள் வீட்டில் ஒரு பழைய பெருமை உண்டு. கொள்ளுத்தாத்தா சென்னை டவுன் ஹாலில் ராஜபார்ட் போட்டவர். டவுன் ஹால் என்றால் சென்ட்ரல் பக்கம், ரிப்பன் மாளிகைக்கு அடுத்துச் சிவப்புச் செங்கல்லில் நிற்கிறதே, அந்த விக்டோரியா பப்ளிக் ஹால். சிஷோம் என்ற கட்டிடக் கலைஞர் வரைந்து கொடுக்க நம்பெருமாள் செட்டியார் கட்டியது. 1883-ல் அடிக்கல், 1887-ல் ராணியின் பொன்விழா வந்ததால் அவர் பெயர். சென்னையில் முதன்முதலில் சினிமா காட்டியதும் இங்கேதான்.

பெருமைக்கு ஆதாரம், பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த ஒரு நாடக நோட்டீஸ். மேல் பாதி கிழிந்துபோய் நாடகத்தின் பெயரும் இல்லை, சபாவின் பெயரும் இல்லை. 'ஆகஸ்டு 17 சனிக்கிழமை', ஹால் பெயர், ஓரத்தில் '...த்த நிதிக்காக' என்று அரை வரி, கீழே நடிகர்கள் பட்டியல். அதில் கொள்ளுத்தாத்தா பெயர் தெரிகிறது, எதிரில் வேஷத்தின் பெயர் தெரியவில்லை. பெரியப்பா எந்தக் காலத்திலோ ஒட்டிய செல்லோடேப் பழுப்பேறி அதை மூடிவிட்டது.

2023-ல் ஹாலைப் புதுப்பிக்க ஆரம்பித்த செய்தியைப் பார்த்ததும் அத்தை, "அது எந்த வருஷம்னு கண்டுபிடிடா" என்றார். ஹாலின் பழைய பதிவேடு ஏதாவது இருக்குமா என்று கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மூன்று மேஜை மாறிய பிறகு, "அந்தக் காலத்துப் பேப்பரெல்லாம் எங்க சார் இருக்கப் போகுது" என்று பதில் வந்தது. சரி என்று வந்துவிட்டேன்.

அப்புறம் பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்'. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1891-ல் அவர் ஆரம்பித்த சுகுண விலாச சபைக்கு இந்த ஹால்தான் பல வருஷம் வீடு மாதிரி. வக்கீலும் உத்தியோகஸ்தரும் வேஷம் கட்டிய சபை, காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திகூட நடித்திருக்கிறார். தேடி வந்ததை மறந்து மூன்று நாள் அதையே படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆள் மட்டும் அதில் இல்லை. வேறு ஏதோ சின்ன சபாவாக இருக்க வேண்டும்.

பிறகுதான் உறைத்தது, தேதியும் கிழமையும் கையில் இருக்கின்றனவே. தமிழ் வருஷப் பெயர் இருந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை, அது கிழிந்த பாதியோடு போயிருக்கும். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1890-க்கும் 1930-க்கும் நடுவில் ஆகஸ்டு 17 சனிக்கிழமையில் வந்த வருஷங்கள் 1895, 1901, 1907, 1912, 1918, அப்புறம் 1929. கொள்ளுத்தாத்தா பிறந்தது 1890 வாக்கில் என்பதால் முதல் இரண்டும் அவுட். நாலு மிச்சம்.

கடைசியில் நோட்டீஸை எடுத்துக்கொண்டு தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன். கோட்டையூர்க்காரர் ஒருவர் புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் சேர்த்து வைத்ததால் உண்டான இடம், முதலிலேயே அங்கே போயிருக்க வேண்டும். போகிற வழியில் லேமினேட் செய்துவிடலாமா என்று யோசித்ததை அங்கே இருந்த ஓர் அம்மாவிடம் சொன்னேன். அவர் பதறிவிட்டார். லேமினேஷன் சூட்டோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாதாம், செல்லோடேப்பையும் நாமே உரிக்கக் கூடாதாம், அமிலமில்லாத காகித உறையில் மடிக்காமல் வைத்தால் போதுமாம். பேசிக்கொண்டே ஓரத்து அரை வரியைப் பார்த்தவர், "இது யுத்த நிதி சார்" என்றார். நான் இரண்டு மாதமாக 'சித்த வைத்திய நிதி' என்று ஏதேதோ யோசித்துக்கொண்டிருந்தேன். யுத்தம் என்றால் அந்த நாலில் 1918 ஒன்றுதான் பொருந்தும், முதல் உலகப்போர் முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது.

ஸ்கேன் செய்து, திரையில் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தபோது செல்லோடேப்புக்கு அடியிலிருந்து இரண்டு எழுத்து மெல்ல எழும்பியது. ரா இல்லை. 'தோ'.

தோழி.

பிரிண்ட் எடுத்து அத்தையிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். "அதான் தாத்தா கடைசிவரைக்கும் மீசையே வைக்கலியா" என்றார்.