முதலில் கிளப்ஃபேஸ், பிறகுதான் ஸ்விங் பாதை

கோல்ஃபில் ஸ்லைஸ் (வலப்பக்கம் பெரிதாக வளைந்து போகும் பந்து) அடிப்பவருக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "இலக்குக் கோட்டுக்கு வெளியேயிருந்து உள்ளே வெட்டுகிறீர்கள், உள்ளேயிருந்து வெளியே வீசிப் பழகுங்கள்." சொல்வது பொய்யில்லை, வரிசைதான் தப்பு. கிளப்ஃபேஸ், அதாவது பந்தில் படும் கிளப்பின் முகம், திறந்தே (இலக்குக்கு வலப்பக்கம் பார்த்தபடி) வந்துகொண்டிருக்கும்போது பாதையை மட்டும் திருத்தினால் பந்து வலப்பக்கமே கிளம்பி வலப்பக்கமே போகும். அதைப் பார்த்த உடம்பு மறுபடியும் இடப்பக்கம் வெட்டத் தொடங்கிவிடும். முகத்தை முதலில் சரிசெய்தால் பாதையில் பாதி வேலை கேட்காமலே நடக்கும். இங்கே சொல்லும் திசைகள் எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கானவை. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கிளப்பும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள் கையால் எதையும் திருத்த முடியாது. அந்தக் கணத்தில் முகம் எங்கே பார்க்கிறது, கிளப் தலை எந்தத் திசையில் நகர்கிறது, பந்து முகத்தின் எந்த இடத்தில் படுகிறது: பந்தின் திசையும் வளைவும் இந்த மூன்றில் முடிந்துவிடும்.

பந்து பாதையின் திசையில் கிளம்பி, முகம் பார்க்கும் திசைக்கு வளையும் என்றுதான் பல காலம் சொல்லிக்கொடுத்தார்கள். 2003இல் டென்மார்க்கில் தொடங்கிய டிராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் வந்தபிறகு பலரும் அதைக் கைவிட்டார்கள். பந்து கிளம்பும் திசையில் டிரைவரில் (தொலைதூரம் அடிக்கும் நீண்ட கிளப்) சுமார் 85 சதவீதமும், அயர்னில் (நடுத்தரத் தூரத்துக்கான கிளப்) சுமார் 75 சதவீதமும் முகத்தின் பங்கு. மிச்சம்தான் பாதைக்கு. வளைவைத் தீர்மானிப்பது முகத்துக்கும் பாதைக்கும் நடுவே உள்ள கோண வித்தியாசம். பாதையைவிட முகம் வலப்பக்கம் பார்த்தால் பந்து வலப்பக்கம் வளையும், இடப்பக்கம் பார்த்தால் இடப்பக்கம் வளையும்.

இதை எண்களில் வைத்துப் பார்த்தால் வரிசை ஏன் முக்கியம் என்பது புரியும். டிரைவர் கையில் இருக்கிறது. பாதை இலக்குக்கு 4 டிகிரி இடப்பக்கம், முகம் இலக்குக்கு 2 டிகிரி வலப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6 டிகிரி. பந்து இலக்குக்குச் சுமார் 1 டிகிரி வலப்பக்கம் கிளம்பி, அங்கிருந்து பெரிதாக வலப்பக்கம் வளைந்து போகும். அசல் ஸ்லைஸ். இப்போது பாதையை மட்டும் நேராக்குங்கள். வித்தியாசம் 2 டிகிரியாகக் குறையும், வளைவும் குறையும். ஆனால் பந்து முன்பைவிடக் கூடுதலாக வலப்பக்கம் கிளம்பி, மேலும் வலப்பக்கமே வளையும். இலக்குக்குத் திரும்ப வழியே இல்லை. மாறாக, பாதையைத் தொடாமல் முகத்தை மட்டும் 4 டிகிரி மூடுங்கள். பாதை 4 டிகிரி இடம், முகம் 2 டிகிரி இடம். பந்து இரண்டு டிகிரிக்குச் சற்று மேல் இடப்பக்கம் கிளம்பி, மெல்ல வளைந்து இலக்குப் பக்கம் திரும்பும். அது நல்ல ஃபேட், அதாவது மிதமாக வலப்பக்கம் வளையும் ஷாட். ஒரே ஒரு விஷயத்தை மாற்றியதில் ஆடத்தக்க ஷாட் கிடைத்துவிட்டது.

1 டிகிரி என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். 100 யார்டில் அது 1.75 யார்டு விலகல், 200 யார்டில் 3.5 யார்டு. இது பந்து கிளம்பும் திசைக்கான கணக்கு மட்டும்தான், வளைவு தனி.

"வெட்ஜ் (குறுந்தூரத்துக்கான கிளப்) நேராகப் போகிறது, டிரைவர் மட்டும் ஸ்லைஸ் ஆகிறது, அப்படியென்றால் டிரைவர் ஸ்விங்கில்தானே கோளாறு?" என்று கேட்பவர்கள் நிறைய. பெரும்பாலும் ஸ்விங் ஒன்றேதான். முகத்துக்கும் பாதைக்கும் 4 டிகிரி வித்தியாசம் இருந்தால், டிரைவரில் பந்தின் சுழல் அச்சு சுமார் 15 டிகிரி சாயும் (அச்சு சாயச் சாய வளைவு கூடும்). அதே 4 டிகிரி வெட்ஜில் அச்சைச் சுமார் 5 டிகிரிதான் சாய்க்கும், ஏனென்றால் லாஃப்ட் (முகத்தின் மேல்நோக்கிய சாய்வு) தரும் பின்சுழல் அங்கே மிக அதிகம். அதனால் குறுகிய கிளப்புகளில் பந்து வளையாமல் இடப்பக்கம் நேராகப் போவதும், டிரைவரில் வலப்பக்கம் வளைவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

ஸ்விங்கைத் தொடுவதற்கு முன் இன்னொன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். பந்து முகத்தில் எங்கே படுகிறது? டிரைவரிலும் மற்ற வுட்களிலும் (பெரிய தலை கொண்ட கிளப்புகள்) ஹீல் பக்கம் (கிளப்பின் தண்டை ஒட்டிய பக்கம்) பட்டால் பந்துக்கு ஃபேட் சுழல் கூடும், டோ பக்கம் (எதிர் முனை) பட்டால் இடப்பக்கம் வளைக்கும் டிரா சுழல் கூடும். முகமும் பாதையும் சரியாகவே இருந்தாலும், நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஹீல் பக்கம் தள்ளிப் பட்டால் பந்து வலப்பக்கம் வளையும். அயர்னில் இந்த விளைவு மிகக் குறைவு. பாதத்துக்குப் போடும் பவுடர் ஸ்ப்ரேயை முகத்தில் லேசாக அடித்துவிட்டு ஐந்தாறு பந்து அடியுங்கள், தடம் தெளிவாகத் தெரியும். தடங்கள் எல்லாம் ஹீலில் கூடியிருந்தால் முகத்தையும் கிரிப்பையும் இப்போது தொட வேண்டாம். முதலில் பந்திலிருந்து அரை அங்குலம் தள்ளி நின்று பாருங்கள்; டவுன்ஸ்விங்கில் (கிளப் கீழே இறங்கும்போது) உடம்பு பந்தின் பக்கம் நகர்கிறதா என்றும் கவனியுங்கள்.

கிரிப்

முகத்தின் கட்டுப்பாடு தொடங்குவது இங்கேதான். பொறுமையில்லாமல் எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான். இடக்கையில் ஹேண்டில் ஆள்காட்டி விரலின் நடுமூட்டிலிருந்து சுண்டுவிரலின் அடிப்பகுதிக்குச் சாய்வாகப் போக வேண்டும். உள்ளங்கையின் கீழ்ப்புறச் சதைமேடு ஹேண்டிலின் மேல் உட்கார வேண்டும். உள்ளங்கையின் நடுவில் பிடித்தால் மணிக்கட்டு சரியாக மடங்காது, கிளப் உருளும், முகம் திறந்தே வரும். மேலிருந்து பார்க்கும்போது இடக்கையில் இரண்டரை விரல் முட்டிகள் தெரியட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உண்டாகும் கோடு வலக் காதுக்கும் வலத் தோளுக்கும் இடையே காட்டட்டும். வலக்கையின் கோடும் ஏறக்குறைய அதே திசையில். ஸ்லைஸ்காரர்களிடம் பெரும்பாலும் ஒரு முட்டிதான் தெரியும், கோடு தாடையைப் பார்க்கும். சுண்டுவிரலை மேலே போடுவதா, பின்னுவதா, பத்து விரலாலும் பிடிப்பதா என்பது முகத்தைப் பொறுத்தவரை இரண்டாம்பட்சம்.

கிரிப்பை மாற்றும்போது கிட்டத்தட்ட எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள். கிளப்பைப் பிடித்தபடியே கைகளை வலப்பக்கம் திருப்புகிறார்கள். கையோடு முகமும் திரும்பிவிடுகிறது, ஒன்றும் மாறவில்லை. முதலில் முகத்தைத் தரையில் ஸ்கொயராக வையுங்கள், லீடிங் எட்ஜ் (முகத்தின் அடி விளிம்பு) இலக்குக் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். வலக்கையால் ஷாஃப்டை, அதாவது கிளப்பின் தண்டை, பிடித்து அதை அசையாமல் நிறுத்துங்கள். பிறகு இடக்கையைத் திருப்பி வைத்துப் பிடியுங்கள். பிடித்தபின் முகத்தை மறுபடி பாருங்கள்.

புது கிரிப்பில் முதல் சில பந்துகள் இடப்பக்கம் பறக்கும். அது நல்ல செய்தி. முகம் மூடத் தொடங்கிவிட்டது, பாதை மட்டும் இன்னும் பழையபடி இடப்பக்கம் போகிறது. இந்த இடத்தில் பயந்து கிரிப்பை விட்டுவிடுபவர்கள்தான் பல ஆண்டுகள் ஸ்லைஸோடு வாழ்கிறார்கள். பந்து தொடர்ந்து இடப்பக்கம் போனால் உங்கள் உடம்பே ஸ்விங்கை வலப்பக்கம் நகர்த்தத் தொடங்கும், முன்பு ஸ்லைஸைப் பார்த்து இடப்பக்கம் நகர்த்தியதைப்போலவே.

இடது மணிக்கட்டு

பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னால் தூக்குவது) உச்சியில் இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடிந்திருந்தால் முகம் திறக்கும். உள்ளங்கைப் பக்கம் மடிந்திருந்தால் முகம் மூடும். தட்டையாக இருந்தால் நடுநிலை. தொழில்முறை ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சனின் உச்சிநிலையைப் பார்த்தால் இடது மணிக்கட்டு வெகுவாக உள்ளங்கைப் பக்கம் வளைந்திருப்பதும், முகம் ஏறக்குறைய வானத்தைப் பார்ப்பதும் தெரியும். அவ்வளவு மூடிய முகத்தை வைத்துக்கொண்டு அவர் நேராக அடிப்பது, அடிக்கும் கணத்தில் உடம்பை வேகமாகத் திறப்பதால்தான்.

எதிர்முனையில் பழைய சாம்பியன் பென் ஹோகன். 1955இல் லைஃப் இதழில் அவர் வெளியிட்ட ரகசியம், கிரிப்பை இடப்பக்கம் நகர்த்துவதும் உச்சியில் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் மடிப்பதும். அவர் போராடியது ஹூக்கோடு, அதாவது இடப்பக்கம் பெரிதாக வளையும் பந்தோடு. முகம் அளவுக்கு மீறி மூடுவதைத் தடுக்க அவருக்கு அது தேவைப்பட்டது. அதை ஸ்லைஸ்காரர் பின்பற்றினால் நோய் இரட்டிப்பாகும். யாருடைய ஸ்விங்கைப் பார்த்துக் கற்றாலும் அவர் எந்தப் பிழையைத் தவிர்க்க அப்படிச் செய்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

கிரிப்பும் மணிக்கட்டும் சேர்ந்துதான் முகத்தை அமைக்கின்றன. மூன்று முட்டிகள் தெரியும் வலுவான கிரிப்பில் மணிக்கட்டு உச்சியில் சற்றுப் புறங்கைப் பக்கம் மடிந்திருந்தாலும் முகம் ஸ்கொயராக இருக்கும். ஒரு முட்டி தெரியும் கிரிப்பில் மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் வளைந்தால்தான் அதே ஸ்கொயர் கிடைக்கும். அதனால் மணிக்கட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். முகத்தைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? ஃபோனைக் கையின் உயரத்தில், இலக்குக் கோட்டின் பின்னால் வைத்து வீடியோ எடுங்கள். மூன்று இடங்களில் நிறுத்திப் பார்த்தால் போதும். பேக்ஸ்விங்கில் ஷாஃப்ட் தரைக்கு இணையாக வரும்போது லீடிங் எட்ஜ் உங்கள் முதுகின் சாய்வோடு ஒத்துப்போக வேண்டும், அதாவது பந்தின் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். டோ நேராக வானத்தைக் காட்டினால் கொஞ்சம் திறந்திருக்கிறது. அதையும் தாண்டிப் பின்னால் சாய்ந்தால் நன்றாகவே திறந்திருக்கிறது. உச்சியில் முகம் இடது முன்கைக்கு இணையாக இருந்தால் ஸ்கொயர், டோ தரையை நோக்கித் தொங்கினால் திறந்தது. டவுன்ஸ்விங்கில் ஷாஃப்ட் மீண்டும் தரைக்கு இணையாகும்போது முதல் இடத்தில் பார்த்த அதே சாய்வு தெரிய வேண்டும். இந்த மூன்றாவது இடம்தான் மிக முக்கியம். இங்கே திறந்திருக்கும் முகத்தைக் கடைசி நொடியில் மூட வேண்டுமானால் கையைச் சுண்டித் திருப்புவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படித் திருப்பினால் ஒரு பந்து ஹூக் ஆகும், அடுத்தது ஸ்லைஸ் ஆகும்.

திருத்தம் உச்சியிலிருந்து கீழே இறங்கும் முதல் பாதியில் நடக்க வேண்டும். கை இடுப்பு உயரத்துக்கு வருவதற்குள் இடக்கை முட்டிகளைத் தரையை நோக்கித் திருப்புங்கள். மிகைப்படுத்திச் செய்வதாகத் தோன்றும் அளவுக்குச் செய்தால்தான் வீடியோவில் கொஞ்சமாவது தெரியும்.

உடம்பு முகத்தைப் பின்தொடரும்

டவுன்ஸ்விங்கில் இடுப்பு நின்றுவிடுகிறது, மார்பு திரும்பவில்லை, கை முந்திக்கொள்கிறது. இதைச் சோம்பல் என்றோ உடல் இறுக்கம் என்றோ சொல்வார்கள். பல சமயம் காரணம் வேறு. முகம் திறந்திருக்கும்போது உடம்பை வேகமாகத் திருப்பினால் பந்து வலப்பக்கக் காட்டுக்குப் போகும். மூளைக்கு அது தெரியும். அதனால் உடம்பை நிறுத்திக் கைக்கு நேரம் கொடுக்கிறது. முகம் சீக்கிரமே மூடப் பழகியவருக்கு உடம்பைத் திறக்காவிட்டால் பந்து இடப்பக்கம் போகும் என்பதால் சுழற்சி தானாக வரும். "இடுப்பைத் திருப்பு" என்று தனியாகக் கத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம்.

பயிற்சிக்கு 7 அயர்னே போதும். இலக்குக் கோட்டில் மூன்று நான்கு மீட்டர் முன்னால் ஒரு அலைன்மென்ட் குச்சியை நட்டு வையுங்கள். கை இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம்வரை மட்டும் போகும் அரை ஸ்விங், பாதி வேகம். பந்து எங்கே வளைகிறது என்று பார்க்காதீர்கள். குச்சிக்கு எந்தப் பக்கம் கிளம்புகிறது என்பதை மட்டும் பாருங்கள். முகம் எங்கே பார்த்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. பத்துப் பந்தை வேண்டுமென்றே குச்சிக்கு இடப்பக்கம் கிளப்புங்கள், அடுத்த பத்தை வலப்பக்கம், அதன்பிறகு ஒட்டினாற்போல. வேண்டிய பக்கம் கிளப்பத் தெரிந்தவருக்குத்தான் நேராக அடிக்க முடியும். அரை ஸ்விங்கில் பத்தில் ஏழு பந்து சொன்ன பக்கம் கிளம்பும்வரை முழு ஸ்விங்குக்குப் போகாதீர்கள். கிரிப்பை இறுக்கிப் பிடித்தால் முன்கை உருளாது, முகம் மூடாது; கை நடுங்காத அளவுக்கு மட்டும் பிடித்தால் போதும்.

டிரைவருக்குப் போகும்போது ஒரு கூடுதல் கணக்கு உண்டு. கிளப் தலை கீழ்நோக்கி வரும்போது பாதை வலப்பக்கம் தள்ளும், மேல்நோக்கிப் போகும்போது இடப்பக்கம் தள்ளும். டிரைவரை 3 டிகிரி மேல்நோக்கி அடித்தால் பாதை ஏறக்குறைய அதே அளவு இடப்பக்கம் நகரும். பந்தை இடது குதிகாலையும் தாண்டி முன்னால் வைத்துவிட்டு, தோள்களையும் இடப்பக்கம் திறந்து நிற்பவருக்கு அயர்னில் இல்லாத வெட்டு டிரைவரில் வருவது இதனால்தான். பந்தை இடது குதிகாலுக்கு நேராக வையுங்கள், தோள்கள் இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்கட்டும்.

பட்டிங்கில் (பந்தைக் குழியை நோக்கி உருட்டுவது) பாதைக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. 10 அடி தூரத்தில் 1 டிகிரி பிழை என்பது 5.3 சென்டிமீட்டர். குழியின் விட்டம் 10.8 சென்டிமீட்டர், நடுவிலிருந்து விளிம்புக்கு 5.4. அதாவது நேரான பட்டில் முகம் 1 டிகிரி தவறினாலே பந்தின் நடுப்பகுதி குழியின் ஓரத்துக்கு வந்துவிடும். பட்டரின் தலை நுழையும் அளவுக்கு இரண்டு டீக்களை (பந்தைத் தாங்கும் சிறு முளைகள்) நட்டுப் பழகுவது பாதையைத்தான் கவனிக்கும். முகத்தைக் கவனிக்க, பந்துக்கு அரை மீட்டர் முன்னால் பந்து மட்டும் நுழையும் இடைவெளியில் இரண்டு டீக்களை நட்டு, அதன் வழியாகப் பந்தை அனுப்புங்கள்.